பர்மா திரும்பியவர்களைப் பற்றி நாவல் எழுத: பயணத்தையும் உருமாற்றத்தையும் எந்த வரிசையில் கட்டுவது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எழுத வரும் இளைஞர்களில் பலருக்கு முதல் நாவலுக்கான விதை வீட்டிலேயே கிடக்கிறது. கொண்டுவிற்க (கடல் கடந்து வட்டிக்கடை நடத்த) போன ஐயா, 1942-ல் ஜப்பானியருக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து நடந்தே வந்த பெரியப்பச்சி (பெரியப்பா), 1964-க்குப் பிறகு கப்பலில் வந்திறங்கிய அடுத்த வீட்டுக் குடும்பம். கதை கையில் இருக்கிறது, மொழியும் வருகிறது. ஆனாலும் எழுத்து ஐம்பது பக்கத்துக்குள் நின்றுவிடுகிறது. அப்படி நின்றுபோன பிரதிகளை அவர்களோடு உட்கார்ந்து படித்தால், பெரும்பாலும் ஒரே காரணம்தான் தெரிகிறது: வரிசை பிசகியிருக்கிறது. பயணத்தை முதலில் எழுதி, ஆள் மாறினார் என்பதைக் கடைசியில் ஒட்டவைக்கிறார்கள். இரண்டும் ஒரே சம்பவத்துக்குள் நடக்க வேண்டும். அதற்கான வரிசை கீழே.

நாவல் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து, வரும்போதெல்லாம் கொஞ்சம் அர்த்தம் சேர்க்கிற விஷயத்தை இதில் ‘இழை’ என்று சொல்கிறேன்.

1. எழுத உட்காருமுன் வேண்டியவை

ஒரு கால அட்டவணை, ஒரு வரைபடம், ஒரு வீடு. இந்த மூன்றும் இல்லாமல் முதல் வரியை எழுத வேண்டாம்.

அட்டவணையில் இடப்பக்கம் வருஷமும் பர்மாவில் நடந்ததும். வலப்பக்கம் அந்த வருஷத்தில் உங்கள் பாத்திரங்களின் வயது. வயதைப் போடாமல் எழுதுகிறவர்கள் 1942-ல் மலை ஏறும் ஆளுக்கு அறுபது வயது என்பதை மறந்து, அவர் முதுகில் மூட்டையை ஏற்றிவிடுகிறார்கள். அட்டவணை இருந்தால் சின்னப் பிழைகளும் பிடிபடும். காரைக்குடிக்கு ரயில் வந்தது 1930-ஐ ஒட்டித்தான். 1915-ல் கிளம்பும் ஆளைக் காரைக்குடி ஸ்டேஷனில் நிறுத்தி வழியனுப்பக் கூடாது.

வரைபடத்தில் ரங்கூன், புரோம், தௌங்குப், அக்யாப், சிட்டகாங் என்ற ஊர்களையும், மேலே மாந்தளை, கலேவா, தமு, இம்பால், திமாப்பூர் என்ற ஊர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மாதத்தில் மழை தொடங்குகிறது என்பதையும் எழுதிவையுங்கள். இந்தக் கதையில் மழை ஒரு பாத்திரம்.

வீடு என்றால், உள்ளே போய்ப் பார்த்த ஒரு வீடு. முகப்பு, வளவு (நடுமுற்றப் பகுதி), இரண்டாங்கட்டு என்று ஒருமுறை கடைசிவரை நடந்து பாருங்கள். எந்த அறை பூட்டிக் கிடக்கிறது, எந்தத் தூணில் கை வழுக்குகிறது என்று தெரிந்திருந்தால், ஊர்ப்பகுதி எழுதும்போது புகைப்படத்தைப் பார்த்து எழுதியது போல இருக்காது.

பெரியவர்களிடம் கேட்கப் போகும்போது, “என்னென்ன கஷ்டப்பட்டீங்க?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருக்கும். “கிளம்பறப்ப கையில் என்ன எடுத்தீங்க? மொத நா ராத்திரி எங்க படுத்தீங்க? யாரு சோறு போட்டா?” என்று கேளுங்கள். அப்போதுதான் நாவலுக்கு வேண்டியது வரும். பெயரை மாற்றிவிடுவேன் என்று முதலிலேயே சொல்லுங்கள், சொன்னபடி மாற்றுங்கள்.

2. திரும்பும் வழி எப்போது அடைபடுகிறது என்று முடிவு செய்யுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். தயாரிப்பு முடிந்ததும் உடனே வருவதும் இதனால்தான்.

கொண்டுவிற்கப் போன ஆள் கணக்குப் போட்டுத்தான் போனார். மூன்று வருஷம் அங்கே இருக்க வேண்டியது. ஐந்தொகை (வரவு செலவு முடிவுக் கணக்கு) எழுதி ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்து, கல்யாணம் காட்சி பார்த்து, அப்புறம் மறுபடியும் போவது. பெட்டியடிப் பையனாக (கடையின் எடுபிடியாக) போனவர் அடுத்தாளாகி (உதவியாளராகி), மேலாளாகி (கடையை நடத்தும் பொறுப்பாளராகி), சொந்தக் கடை போட்டார். பிரிவு இருந்தது, ஏக்கமும் இருந்தது. ஆனால் ஊர் அவருக்கு அடைபடவில்லை. அதனால் அந்தப் பகுதி எவ்வளவு நன்றாக வந்தாலும் அது வியாபாரப் பயணத்தின் கதைதான். திரும்ப முடியாது என்று ஆகும் இடத்தில்தான் புலம்பெயர்வு தொடங்குகிறது.

பர்மாவைப் பொறுத்தவரை அந்த வழி ஒரே நாளில் மூடவில்லை. 1930-ல் நெல் விலை சரிந்தது. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8-ல் நகரமே கைமாறியது. போர் முடிந்து மறுபடி போனவர்களுக்கு 1948-ல் நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது. 1962 மார்ச்சில் ராணுவ ஆட்சி. 1963-ல் வங்கிகள், 1964-ல் கடைகள். அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாமல் போயின.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதுதான் உங்கள் நாவலில் கதவு மூடும் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும். எல்லாவற்றையும் சேர்த்தால் நாவல் சரித்திரப் பாடமாகிவிடும். 1942-ஐ எடுத்தால் உயிர் பிழைக்கும் கதை. 1948-ஐ எடுத்தால், பத்திரங்கள் ஊரில் இரும்புப் பெட்டியில் இருக்க, நிலம் அங்கே இல்லாமல் போகும் கதை. 1964-ஐ எடுத்தால் மூன்றாம் தலைமுறையின் கதை. தேதி மாறினால் கதாநாயகரே மாறுவார்.

இங்கே புதியவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. 1925-ல் கப்பலேறும் காட்சியிலேயே ஆத்தா கதறி அழுகிறாள். இனி பார்க்கவே முடியாது என்பது அவளுக்கு முன்பே தெரிந்தது போல. அவளுக்குத் தெரியாது. பயணம் சொல்லிக்கொள்ள உறவினர் வீடுகளுக்குப் போவதும், தின்பண்டம் கட்டிக் கொடுப்பதும் வழக்கமான காரியங்கள். அவற்றை வழக்கமாகவே எழுதுங்கள். பின்னால் வரப்போவது வாசகருக்குத் தெரியும். அந்தச் சாதாரணம்தான் அவர்களை வதைக்கும்.

3. யாருக்கு எது ஊர் என்று எழுதிவையுங்கள்

ஒவ்வொரு பாத்திரத்தின் பெயருக்கு எதிரேயும் ஒரு ஊர் எழுதுங்கள். தாத்தாவுக்குத் தேவகோட்டை. சரி. ரங்கூனிலேயே பிறந்து, பர்மியப் பள்ளியில் படித்து, 1964-ல் பத்தொன்பது வயதில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய பெண்ணுக்கு? அவளுக்கு ஊர் ரங்கூன். ‘தாயகம் திரும்பினார்கள்’ என்று அரசு எழுதிய அதே நாளில்தான் அவள் நாடு இழந்தாள். காரைக்குடி பர்மா காலனியின் பெயரே இந்த வரலாற்றைத்தான் சொல்கிறது.

இந்தப் படி ஏன் மூன்றாவதாக வர வேண்டும்? திசையை இதுதான் முடிவு செய்கிறது. ஒரே கப்பலில் வரும் அப்பாவுக்கு அது வீடு திரும்பல், மகளுக்கு வீட்டை விட்டுப் போதல். அந்தக் கப்பல் தளத்தில் இருவரையும் அருகருகே உட்காரவையுங்கள். ஒருவர் முன்னால் பார்ப்பார், ஒருவர் பின்னால். இரண்டு உருமாற்றங்களுக்கும் அங்கேயே விதை விழுந்துவிடும்.

இதன் உச்சம் மணிப்பூர் எல்லையில் இருக்கிறது. 1964-க்குப் பின் தமிழ்நாட்டில் வந்திறங்கி, இங்கே ஒட்ட முடியாமல், நடந்தாவது பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று வடகிழக்கு வழியாகப் போனவர்கள் உண்டு. எல்லையில் தடுக்கப்பட்டு, மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழர்கள் இருக்கிறார்கள், அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. மோரேவுக்கு எதிரே எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர் தமு. 1942-ல் அகதிகள் நடந்து வந்த வடக்குப் பாதையில் இருந்ததும் அதே தமுதான். அப்பா 1942-ல் வெளியேறிய இடைவெளி வழியாகவே மகன் உள்ளே போக முயல்கிறான். இதைவிட வலுவான பயண இழையை நான் கற்பனையில்கூடத் தேட மாட்டேன்.

4. நம் ஆள் யாருடைய நிலத்தில் நின்றார்

இதை விட்டுவிட்டு எழுதிய பிரதிகள் எல்லாம் புலம்பலாக முடிகின்றன. கசப்பாக இருந்தாலும் எழுதியாக வேண்டும்.

1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் (நகரத்தார்) கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938-ல் அது 25 சதவீதம். விலை விழுந்தது, விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை, அடமானம் மூழ்கியது. கடன் கொடுத்தவர்களில் பலர் நிலத்தைத் தேடிப் போகவில்லை, அவர்களுக்குப் பணம்தான் வேண்டியிருந்தது. ஆனால் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. அவர் தன் ஊரிலேயே ஊரில்லாதவர் ஆனார்.

ஆக, மேலாளின் முதல் உருமாற்றம் கப்பலிலும் நடக்கவில்லை, காட்டிலும் நடக்கவில்லை. கடையில், பேரேட்டுக்கு முன்னால், உட்கார்ந்த இடத்திலேயே நடந்தது. வட்டிக்காரராக இருந்தவர் நிலக்காரராகிவிட்டார். இதை ஒரு முழு அத்தியாயமாக எழுதுங்கள். அந்த விவசாயிக்கு ஒரு பெயர், ஒரு வீடு, ஒரு பேச்சு கொடுங்கள். பின்னால் நம் ஆள் தன் நிலத்தை இழக்கும்போது, விளக்கம் எதுவும் இல்லாமல் வாசகர் அந்த விவசாயியை நினைத்துக்கொள்வார்.

5. பாதையைக் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றைப் பறியுங்கள்

இப்போதுதான் பயணத்துக்கு வருகிறோம். இதை ஏன் ஐந்தாவதாக வைக்கிறேன் என்றால், எதை இழக்கப் போகிறார் என்பது முந்தைய படிகளில்தான் தெரிய வந்தது.

1942-ல் பணம் உள்ளவர்களும் முந்திக்கொண்டவர்களும் கப்பலில் இடம் பிடித்தார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். ஒரு பாதை ரங்கூனிலிருந்து புரோம் வரை, ஐராவதி ஆற்றைக் கடந்து, அரக்கான் யோமா மலையில் தௌங்குப் கணவாய் வழியாகக் கடற்கரைக்கு. அங்கிருந்து படகில் அக்யாப், சிட்டகாங். கோடையில் தண்ணீர் இல்லை, காலரா இருந்தது. இன்னொன்று சிந்த்வின் ஆற்றை ஒட்டிக் கலேவா, தமு வழியாக மணிப்பூருக்கு. மே மாதத்தில் மழை பிடித்த பிறகு அது சேறும் அட்டையும் மலேரியாவும். அங்கே வெள்ளையருக்கு ஒரு வழி, மற்றவர்களுக்கு வேறு வழி என்று பிரித்து அனுப்பியதும் நடந்தது.

ஒரே பாதையை எடுத்துக்கொண்டு நான்கைந்து கட்டங்களாகப் பிரியுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் இழப்பு. அந்த இழப்பு அவருடைய பழைய நிலையில் ஒரு துண்டாக இருக்க வேண்டும். தௌங்குப் பாதையை வைத்து ஓர் உதாரணம்:

ரங்கூன் மொகல் தெருவில் கடையைப் பூட்டுகிறார். தெருவில் அவரை மேலாள் என்று அழைத்தவர்கள் யாரும் இல்லை. புரோமில் கையில் கத்தை நோட்டு இருக்கிறது, வாங்கத் தண்ணீர் இல்லை. பணம் என்பது காகிதம் என்று அவர் உடம்பு முதல்முதலாகத் தெரிந்துகொள்கிறது. மலையேற்றத்தில், ஊரில் யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாரோ அந்த மனிதரின் குவளையிலிருந்து குடிக்கிறார். அக்யாபில் படகுக்குப் பணம் போதவில்லை. தன்னிடம் கடன் வாங்கியிருந்த ஒரு தமிழ்த் தொழிலாளியிடமே கடன் கேட்கிறார். சிட்டகாங்கில் சோற்றுக்கு வரிசையில் நிற்கிறார். வரிசையில் முந்துவதற்கு அவருக்குத் தோன்றவே இல்லை.

இந்தக் கட்டங்களில் அவர் மனதுக்குள் என்ன நினைத்தார் என்று எழுதவே தேவையில்லை. குவளையை வாங்கும் கை, கடன் கேட்கும்போது தாழும் குரல், வரிசையில் நிற்கும் உடம்பு, அவ்வளவு போதும்.

சரிபார்க்க ஒரு வழி: இரண்டு கட்டங்களை இடம் மாற்றிப் படித்துப் பாருங்கள். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்தக் கட்டங்கள் வெறும் அலைச்சல். கடன் கேட்கும் காட்சியைக் குவளைக் காட்சிக்கு முன்னால் வைத்தால் நம்ப முடியாது. குவளையை வாங்கிய பிறகுதான் அந்த வாய்க்குக் கேட்க வரும். வரிசை இப்படி இறுகியிருக்க வேண்டும்.

6. ஒரு பொருளைக் கூடவே அனுப்புங்கள்

சிலப்பதிகாரத்தில் புகாரிலிருந்து மதுரைக்குச் சிலம்பும் நடந்துதான் வருகிறது. பிழைக்க விற்கும் பொருளாகக் கிளம்பியது, திருட்டுக்குச் சாட்சியாகி, கடைசியில் உடைந்து நியாயம் சொல்கிறது. பொருள் ஒன்றுதான், மூன்று இடத்தில் மூன்று வேலை. நீங்கள் எடுக்கும் பொருளும் குறைந்தது மூன்று வேலை செய்ய வேண்டும்.

சாவி, புகைப்படம் இரண்டையும் தவிர்த்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். எல்லா நாவலிலும் அவை வந்துவிட்டன. நம் பக்கத்துக் கதைக்குப் பேரேடு நல்ல பொருள். ரங்கூனில் அதுதான் அதிகாரம். மலையில் இரவுக் குளிருக்கு அதன் தாள்களைக் கிழித்து நெருப்பு மூட்டுகிறார்கள். யார் கணக்குப் பக்கம் முதலில் எரிகிறது என்பதை யோசித்து எழுதுங்கள். ஊரில் மிச்சமிருக்கும் பாதிப் பேரேட்டை அவர் வருஷந்தோறும் பூசையில் வைக்கிறார். வரவே வராத பாக்கிகள் அதில் இருக்கின்றன.

பெரிய பொருள் வேண்டுமென்றால் தூண் இருக்கிறது. பர்மாக் காட்டில் வெட்டிய தேக்கு, செட்டிநாட்டில் ஒரு வளவுத் தூணாக நின்று, பாகப்பிரிவினைக்குப் பிறகு வீடு இடிபட, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடை வாசலில் சாய்ந்து நிற்கிறது. அப்புறம் எங்கோ ஒரு ஓட்டல் வரவேற்பறைக்குப் போகிறது. மனிதர்களின் பயணத்துக்கு எதிர்த்திசையில் ஒரு மரத்தின் பயணம். தூணைப் பற்றி ஒரு பாத்திரமும் பேசக் கூடாது. அது வரும் இடங்களில் சும்மா நிற்கட்டும்.

7. மாற்றத்தை மற்றவர் கண்ணால் காட்டுங்கள்

“அந்தப் பயணம் அவரை முற்றிலும் மாற்றியிருந்தது.” இந்த வரி ஏறக்குறைய எல்லாப் பிரதிகளிலும் இருக்கிறது. எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்படி ஏதாவது வரலாம்:

இலையில் விழுந்த சோற்றில் பாதியைத் தனியாக ஒதுக்கினார். “இதை மூடி வை. ராத்திரிக்கு வேணும்ல?” என்றார். ஆச்சி அடுப்படியில் நிறைந்திருந்த உலைப்பானையைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஒரு கிண்ணம் எடுத்து வந்து அந்தப் பாதியை மூடினாள்.

மாறியவருக்குத் தன் மாற்றம் தெரியாது. அவரை முன்பு அறிந்தவர்தான் பார்க்கிறார். அதனால் ஒவ்வொரு உருமாற்றத்துக்கும் ஒரு சாட்சி வேண்டும். யார் சாட்சி என்பதையும் மாற்றுங்கள்: மனைவி ஒருமுறை, பழைய அடுத்தாள் ஒருமுறை. அப்பச்சி (அப்பா) போன பிறகு பிறந்து, அவரை முதல்முறையாகப் பார்க்கும் ஆறு வயதுப் பையன் ஒருமுறை. அவனுக்கு முன்னால் இருந்தவரைத் தெரியாது. அவனுக்கு இவர்தான் அசல். இந்த மூன்றாவது பார்வையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நாக்கும் சாட்சி சொல்லும். பர்மாவில் வளர்ந்தவருக்கு ஙாப்பி (புளிக்கவைத்த மீன் விழுது) வாசனை வீட்டு வாசனை, ஊராருக்கு மூக்கைப் பிடிக்கும் வாசனை. முதலில் ஒளித்துச் சமைக்கிறாள், பிறகு பிள்ளைகளுக்காகச் சமைக்கிறாள், அதன் பிறகு தெருமுனையில் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடை போடுகிறாள். ஒரு பெண் நிமிரும் கதையை இந்த மூன்று சமையலிலேயே சொல்லிவிடலாம்.

8. ஊரிலேயே இருந்தவரும் பயணப்பட்டவர்தான்

பெரும்பாலான ஆண்கள் மனைவியை ஊரில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். அந்த வருஷங்களில் ஆச்சி என்ன ஆனாள்? வரும் கடிதம் நின்ற பிறகு, வேலைக்காரர்களுக்குக் கூலி கொடுத்தது யார், மகளுக்கு இசைகுடிமானம் (நகரத்தார் திருமண ஒப்பந்த ஏடு) எழுத உட்கார்ந்தது யார், முதலில் வைரத்தை விற்றாளா, வெள்ளியை விற்றாளா?

தேதிகளை ஒட்டி இரண்டையும் மாறி மாறி எழுதுங்கள். அவர் கணவாயில் இருக்கும் வாரத்தில் அவள் ஓர் அறையைப் பூட்டுகிறாள். அடுத்த அத்தியாயத்தில் இன்னோர் அறை. வீடு உள்ளே சுருங்கச் சுருங்க அவள் வெளியே விரிகிறாள்: பத்திரம் படிக்கிறாள், குத்தகைக்காரரிடம் நேரே பேசுகிறாள். அவர் திரும்பி வந்து முகப்பில் உட்காரும்போது, கணக்கு கேட்கும் உரிமை யாருக்கு என்பதே அந்தக் காட்சியின் கேள்வியாக இருக்க வேண்டும்.

9. திரும்பி வரும் பயணம் ஒன்றும் உள்ளே இருக்கட்டும்

எல்லாமே அடைபட்டால் அடைப்பு தெரியாது. நகரத்தார் காவடியில் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போகிறார்கள், நடந்தே திரும்புகிறார்கள். போனவர் வந்துசேரும் நடை அது. காட்டில் நடந்து பிழைத்து வந்தவரை ஒரு தைப்பூசத்துக்கு அந்த நடையில் சேர்த்துவிடுங்கள். அதே கால்கள், அதே கூட்டம், சத்திரத்தில் சோறு. அவர் எந்த இடத்தில் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறார் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதைச் சுருக்கமாக எழுதுங்கள். இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் போனால் ஒப்பீடு துருத்திக்கொண்டு தெரியும்.

10. இரண்டாம் பிரதியில் செய்ய வேண்டியவை

முதல் பிரதியைக் கொஞ்ச நாள் மூடி வைத்துவிட்டு இரண்டு வண்ணப் பென்சிலோடு உட்காருங்கள். ஆள் இடம் பெயரும் வரிகளுக்கு ஒரு நிறம், ஆள் மாறும் வரிகளுக்கு இன்னொரு நிறம். இரண்டு நிறமும் தனித்தனிப் பக்கங்களில் விழுந்தால், நாவல் இன்னும் இரண்டாகவே கிடக்கிறது. மாற்றம் நடக்கும் காட்சியைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் பாதையில் வையுங்கள். வீட்டில் உட்கார்ந்து ‘உணர்ந்துகொண்ட’ எதையும் முடிந்தவரை வழியில் நடக்கும்படி மாற்றுங்கள்.

அடுத்து ‘பயணம்’, ‘வேர்’, ‘அடையாளம்’, ‘தொலைந்த’ என்ற சொற்களைத் தேடி எடுங்கள். காட்சி சரியாக இருந்தால் இவை வேண்டாம். பாத்திரங்கள் வாயில் வந்தால், ‘வண்டி’, ‘டிக்கெட்’, ‘கப்பல்’ என்று அவர்கள் பேசும் சொல்லுக்கே மாற்றுங்கள்.

கடைசியாக, கதை சொன்ன பெரியவர் இருந்தால், தேதியும் பாதையும் வரும் அத்தியாயங்களை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மழை எந்த ஊரில் பிடித்தது, படகு எந்தக் கரையில் நின்றது என்று அவர் திருத்துவதை எல்லாம் ஏற்றுக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் குணத்தைத் திருத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். அதை மாற்றுவதும் மாற்றாததும் உங்கள் முடிவு. அவர் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போகும் பக்கம் எது என்று குறித்துவைத்து, அந்தப் பக்கத்தை இன்னொருமுறை எழுதுங்கள்.